அம்மாவுக்கு இல்லாத இடுப்பு வலி

மழைக்குப் பேர்போன பேர்கனில் வெயில் விருந்தாளி மாதிரி. சொல்லிக்கொண்டு வராது; வந்தாலும் ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் கிளம்பிவிடும். அதனால் அந்த ஊரில் வெளியிடங்களில் படம் எடுத்துப் பிழைக்கிறவர்கள் அழகான மாடலைத் தேடுவதில்லை. வருகிறேன் என்றால் வந்து நிற்கிற மாடலைத்தான் தேடுவார்கள். இங்வில்லுக்கு அந்தப் பெயர் இருந்தது. "இங்வில்லா? அவ வந்துடுவா" என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். அவள் அழகைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசியதில்லை. அதில் தனக்கு வருத்தம் எதுவும் இல்லை என்றுதான் அவளும் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வயது முப்பத்தொன்று. வாரத்தில் பாதி நாள் ஒரு மருந்துக்கடையில் நின்று இருமல் மருந்தும் வலி மாத்திரையும் விற்பாள். நெடுநெடுவென்ற உயரம், துடுப்புப் போடுகிறவர்களுக்கு இருப்பதுபோல அகன்ற தோள், நீளக் கை. பள்ளிக்கூடத்தில் அந்தத் தோளுக்காகப் பட்ட கேலி கொஞ்சநஞ்சமில்லை. ஹல்வார் முதலில் பார்த்தது அந்தத் தோளைத்தான்.

ஹல்வார் ஐம்பதைத் தாண்டிய புகைப்படக்காரர். கல்யாணம், மீன் கம்பெனி விளம்பரம், மழைக்கோட்டு, கம்பளிப் பின்னல் புத்தகம் என்று கிடைத்ததையெல்லாம் எடுப்பார். ஒருநாள் மருந்துக்கடைக்குப் பிளாஸ்திரி வாங்க வந்தவர், வாங்கிய பிறகும் போகாமல் நின்றார்.

"தப்பா நினைக்காதேம்மா. ஒரு மழைக்கோட்டைப் போட்டுக்கிட்டு நிக்கணும். உன் தோளுக்கு அது அம்சமா உட்காரும்."

இங்வில் தப்பாகத்தான் நினைத்தாள். முதல் நாள் துணைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாள். அம்மா தூரித், முப்பது வருஷம் டவுன்பஸ் ஓட்டியவள். காரை ஓரமாக நிறுத்திக் கண்ணாடியை இறக்கி, உள்ளே சாரல் அடிப்பதைக்கூடப் பொருட்படுத்தாமல் ஹல்வாரையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் அவர் மெல்ல அவளிடம் போய், "நீங்க போலீஸா?" என்று கேட்டார்.

"இல்ல, இவ அம்மா. போலீஸைவிட மோசம்."

அன்றைக்கு ஒட்டிக்கொண்ட சிநேகம் பல வருஷம் நீடித்தது. ஹல்வாரின் பையில் லென்சுகளுக்கு நடுவில் காய்ந்த கம்பளிக் காலுறை எப்போதும் இருக்கும். கால் காய்ந்திருந்தால் முகம் தானாகச் சிரிக்கும் என்பது அவர் கட்சி. எடுத்த படங்களைத் தருகிறேன் என்று சொன்ன நாளில் தந்துவிடுவார். இருட்டிவிட்டால் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார். இங்வில்லும் அவருக்குச் சளைத்தவள் இல்லை. பல் வலியோடு வந்து பாறையில் நின்று சிரித்திருக்கிறாள். படகு நின்றுபோன நாளில் யாரோ ஒரு மீன்காரரின் படகில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறாள்.

அந்த வருஷம் ஒட்னியின் பின்னல் புத்தகம் வருவதாக இருந்தது. ஒட்னி அந்த ஊரின் சாண்ட்விக்கன் பகுதியில் நூல்கடை வைத்திருந்தாள். ஸ்வெட்டர்களுக்குப் புதுப்புது வடிவம் போடுகிறவள். வாய் கொஞ்சம் காரம். செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் அவள் கடையில் கூடும் பெண்கள் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து அந்தப் புத்தகத்துக்கான ஸ்வெட்டர்களைப் பின்னினார்கள். எல்லாமே இங்வில்லின் தோளுக்கும் கைக்கும் அளவெடுத்துப் பின்னியவை. மார்ச் மாசம், ஒரு சனி ஞாயிறில், ஃபெய்யே தீவில் படம் எடுப்பதாக ஏற்பாடு.

அதற்கு முந்தின புதன்கிழமை ஸ்வெட்டர்களைப் போட்டுப் பார்க்க ஒட்னியின் கடைக்குச் சைக்கிளில் போகும்போது, ஈரமான ட்ராம் தண்டவாளத்தில் சக்கரம் மாட்டி இங்வில் விழுந்தாள். முகவாய்க்கட்டையில் சிராய்ப்பு. ஒட்னிதான் திட்டிக்கொண்டே கழுவி மருந்து போட்டாள். "கழுத்துவரைக்கும் ஸ்வெட்டர் பின்னி வெச்சிருக்கேன், அதுக்கு மேல இருக்கற முகத்தை இவ கிழிச்சுக்கிட்டு வந்து நிக்கறா!" அங்கே வந்திருந்த ஹல்வார் அவள் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கத்துலேர்ந்து எடுத்துக்கறேன். யாருக்கும் தெரியாது" என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மருந்துக்கடையில் இருந்தபோது தலைநகர் ஆஸ்லோவிலிருந்து போன் வந்தது. என்றோ அவள் தன் படங்களைக் கொடுத்துவைத்திருந்த மாடல் ஏஜென்சி. இத்தனை வருஷம் ஒரு பேச்சும் இல்லை. மருந்து அலமாரிகளுக்குப் பின்னால் போய் நின்று பேசினாள்.

"நாளைக்குக் காலையில முதல் விமானத்துல வர முடியுமா? மலையேற்றத் துணி விளம்பரம், நாடு பூரா வரப்போகுது. அவங்க மாடலுக்குக் காய்ச்சல். அந்தத் துணி உட்கார்ற மாதிரி தோள் உனக்குத்தான் இருக்கு."

"நாளைக்கா? எனக்கு இங்க ஒரு வேலை..."

"பத்து நிமிஷத்துல சொல்லு. இல்லேன்னா அடுத்த ஆளைக் கூப்பிடணும்."

போனை வைத்துவிட்டு இங்வில் அந்த இருட்டு மூலையிலேயே நின்றாள். இந்த ஊரில் அவள் முகம் மீன் டப்பாவிலும் பின்னல் புத்தகத்திலும் வரும். பார்க்கிறவர்கள், "எங்கேயோ பார்த்த முகமா இருக்கே" என்பார்கள், அவ்வளவுதான். முப்பத்தொரு வயதில் இன்னொரு தடவை யார் கூப்பிடப் போகிறார்கள்? வருகிறேன் என்று ஆஸ்லோவுக்குச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் ஹல்வாருக்குப் போன் செய்தாள்.

உண்மையைச் சொல்வதாகத்தான் இருந்தாள். 'ஹல்வார், எனக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்திருக்கு, என்னை மன்னிச்சிடுங்க' என்று வாய்க்குள்ளேயே சொல்லியும் பார்த்துக்கொண்டாள். ஆனால் அவர் போனை எடுத்ததும் அவளைப் பேசவே விடவில்லை.

"இங்வில்! வானிலை பார்த்தியா? ரெண்டு நாளும் வெயில்! நான் இந்தத் தொழிலுக்கு வந்து இப்படி ஒரு மார்ச் மாசத்தைப் பார்த்ததே இல்ல!"

அவர் குரலில் இருந்த சந்தோஷத்தின் முன்னால் அந்த உண்மையைச் சொல்ல முடியவில்லை. வேறொன்று வெளியே வந்தது.

"ஹல்வார், அம்மா விழுந்துட்டாங்க."

"ஐயோ! எங்கே?"

"மாடிப்படியில. இடுப்புல அடி. எலும்பு முறியலையாம். வீட்டுலதான் படுத்திருக்காங்க. நான் கூட இருக்கணும்."

சொல்லும்போதே, அது புதன்கிழமை தான் சைக்கிளிலிருந்து விழுந்ததுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. தன் உடம்பில் பட்டதை எடுத்து அம்மா உடம்பில் ஒட்டிவிட்டாள். ஹல்வார் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

"அம்மா பக்கத்துல இரு. ஸ்வெட்டர் எங்கேயும் ஓடிப் போயிடாது. ஒட்னிகிட்ட நான் பேசிக்கறேன்."

மறுநாள் கிழக்கே ஒரு பனிமலையில் பச்சைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றாள். அங்கே படம் எடுத்தவருக்கு அவள் பெயர் தெரியாது. "பச்சைக் கோட்டு, கொஞ்சம் திரும்பு" என்பார். ஆனாலும் வேலை நன்றாக வந்தது. முகவாய்ச் சிராய்ப்பை மறைக்கப் போன ஒப்பனைக்காரியை அவர் தடுத்துவிட்டார். மலையேறுகிறவளுக்கு ஒரு காயம் இருந்தால்தான் நம்புவார்களாம். சாயங்காலம் கூடாரத்தில் கையைச் சூடுபடுத்திக்கொண்டிருந்தபோது ஹல்வாரிடமிருந்து செய்தி வந்திருந்தது. 'அம்மா எப்படி இருக்காங்க?'

இந்த மனுஷனுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்தாள். ஏதாவது பதில் போட்டாக வேண்டுமே. 'வலி கொஞ்சம் குறைஞ்சிருக்கு' என்று எழுதினாள். உடனே ஒரு பதில் வந்தது. 'நல்ல சேதி!'

திங்கட்கிழமை ஊர் திரும்ப ஆஸ்லோ விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோது அம்மா கூப்பிட்டாள்.

"இங்வில், எனக்கு இடுப்புல என்ன?"

இங்வில் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"கேக்கறேன்ல? எனக்கு இடுப்புல என்ன?"

"அம்மா... நான் உன்கிட்ட சொல்றதுக்குள்ள..."

"ஹல்வார் வந்திருந்தாரு. நான் அப்பதான் லோவ்ஸ்தாக்கன் மலை ஏறிட்டு வந்து பூட்ஸைக் கழட்டிக்கிட்டிருக்கேன். கதவைத் திறந்தா ஒரு கையில பன்னு, ஒரு கையில பொட்டலம். 'நீங்க ஏன் எழுந்து வந்தீங்க, நானே திறந்துக்கிட்டு வந்திருப்பேனே'ங்கறாரு. எனக்கு ஒண்ணும் புரியல. 'விழுந்துட்டீங்களாமே, இங்வில் சொன்னா'ன்னாரு. அப்பத்தான் புரிஞ்சுது. நான் என்ன செய்யறது? என் பொண்ணு பொய்க்காரின்னு வாசல்ல வெச்சுச் சொல்லவா? நொண்டினேன்."

"அம்மா!"

"நொண்டினேண்டி. சமையலறைக்குப் போறப்ப இடது காலை இழுத்துக்கிட்டுப் போனேன். காபி எடுத்துக்கிட்டுத் திரும்பறப்ப எந்தக் காலுன்னு மறந்துபோச்சு. வலது காலை இழுத்துக்கிட்டு வந்தேன். அந்த மனுஷன் என் காலைப் பார்த்தாரு. பூட்ஸைப் பார்த்தாரு, பனி இன்னும் உருகிக்கிட்டு இருக்கு. அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. 'நல்ல வெளிச்சம்'னாரு."

பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இங்வில் குனிந்துகொண்டாள்.

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன். ஒருநாள் பொய் சொல்லி லீவு போட்டதில்ல. இந்த வயசுல என்னை ஒருத்தர் முன்னாடி நொண்ட வெச்சுட்டே. பொட்டலத்துல என்னன்னு தெரியுமா? இடுப்புக்குச் சுத்திக்கக் கம்பளிப் போர்வை. ஒட்னி பின்னினதாம். படகுல போறப்பவும் வர்றப்பவும் உட்கார்ந்து பின்னி முடிச்சாளாம், எனக்காக."

அவ்வளவுதான். அம்மா போனை வைத்துவிட்டாள்.

அன்று மாலை ஹல்வாரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'அம்மாவைப் பார்த்தேன். நல்லா இருக்காங்க.' வேறு எதுவும் இல்லை. இங்வில் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். உடனே போய் அவர் காலில் விழாத குறையாகச் சொல்லியிருக்கலாம். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினாள். வாரம் ஒன்று போன பிறகு சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. மாசம் ஒன்று போன பிறகு, சொல்லாமல் இருந்ததற்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

மே மாசம் போஸ்டர் ஒட்டினார்கள். பேர்கனின் ஒவ்வொரு ட்ராம் நிறுத்தத்திலும் கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகம், ஆள் உயரத்துக்கு. முகவாயில் அந்தச் சிராய்ப்பு, உள்ளங்கை அகலத்துக்கு. மருந்துக்கடையில் உடன் வேலை செய்கிறவர்கள் கேக் வாங்கி வெட்டினார்கள். மூட்டு வலிக்குத் தைலம் வாங்க வந்த கிழவர் ஒருவர் கவுண்டரில் சாய்ந்துகொண்டு, "இனிமே எங்களையெல்லாம் கண்டுக்குவியா?" என்று கண்ணடித்தார். இங்வில் சிரித்தாள். சிரிக்கத்தான் அவளுக்கு நன்றாகத் தெரியுமே. ஆனால் ட்ராம் ஏறுவதை விட்டுவிட்டாள். மழையானாலும் பின்தெருக்கள் வழியாக நடந்து வேலைக்குப் போனாள். எந்த முகம் ஊரெல்லாம் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டாளோ அந்த முகத்தை எதிரில் பார்க்க முடியவில்லை.

ஆஸ்லோ மறுபடி கூப்பிடவில்லை. ஹல்வாரும் கூப்பிடவில்லை. ஸ்தவாங்கர் என்ற ஊரிலிருந்து ஒரு புகைப்படக்காரி ஒருநாள் போன் செய்தாள். பேச்சுவாக்கில், "ஹல்வார்கிட்ட உங்களைப் பத்திக் கேட்டேன். கேமரா முன்னாடி ரொம்ப நல்லா இருப்பீங்கன்னாரு" என்றாள்.

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். "சொன்ன நாளுக்கு வருவாங்களான்னு கேட்டேன். 'அதை நீயே அவகிட்ட கேட்டுக்க'ன்னாரு. அதான்... நீங்க வருவீங்கல்ல?"

வருவேன் என்று இங்வில் சொன்னாள். சொல்லும்போது அவள் குரலே அவளுக்கு நம்பும்படியாக இல்லை. அந்த வேலை அவளுக்கு வரவில்லை.

ஆனால் அவளை அசைத்தது வேறொன்று. ஜூன் மாசம் ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அம்மா வீட்டுக்குப் போனாள். ஒட்னியின் போர்வை அதே பொட்டலத்தில், பிரிக்கப்படாமல், வாசல் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா வெளியே கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"லோவ்ஸ்தாக்கனா? நானும் வரேன்."

"அங்கே போறதில்ல. பஸ் ஏறி அந்தப் பக்கத்து மலைக்குப் போறேன்."

"ஏன்? வாசல்லேயே மலை இருக்கறப்ப?"

அம்மா பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னாள். "அந்த நூல்கடைப் பொம்பளைங்க ஞாயித்துக்கிழமை அங்கேதான் நடக்க வருவாங்க. ஒரு தடவை எதிர்ல பார்த்துட்டேன். மரத்துக்குப் பின்னாடி போய் நின்னுக்கிட்டேன். நல்லா இருக்கற காலை வெச்சுக்கிட்டு அவங்க முன்னாடி எப்படி நடக்கறது?"

அம்மா மரத்துக்குப் பின்னால் நிற்கிற காட்சி இங்வில்லின் கண்ணை விட்டுப் போகவில்லை. இருபத்தைந்து வருஷமாக ஏறிக்கொண்டிருக்கும் மலை அது. பொட்டலத்தைக் கொக்கியிலிருந்து எடுத்தாள். "இதை நான் திருப்பிக் கொடுத்துடறேன்" என்றாள். அம்மா, "கொடுக்கறப்ப என்ன சொல்லிக் கொடுப்பே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் படி இறங்கிப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நூல்கடைக்குப் போனாள். ஐந்தாறு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் பேச்சு நின்றது. ஊசிகள் மட்டும் நிற்கவில்லை. காது சரியாகக் கேட்காத போர்கில் என்ற மூதாட்டி மட்டும் மலர்ந்து, "வாம்மா! அம்மாவுக்கு இடுப்பு எப்படி இருக்கு?" என்று உரக்கக் கேட்டாள். மற்றவர்கள் சட்டென்று தங்கள் பின்னலைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் தெரியும் என்று இங்வில்லுக்கு அப்போதே விளங்கிவிட்டது.

பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள். "அம்மா விழவே இல்ல" என்றாள், மெல்லிய குரலில்.

"என்ன சொல்றா?" என்றாள் போர்கில்.

ஒட்னி தலையை நிமிர்த்தாமல் கத்தினாள். "அவ அம்மா விழலையாம்!"

"அப்பாடா! நல்லதாப் போச்சு!" என்று போர்கில் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

இங்வில்லுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. ஆனால் அந்த அம்மாளுக்கும் கேட்கும்படி சொன்னால்தான் சொன்னதாகும். குரலை உயர்த்தினாள்.

"நான் பொய் சொன்னேன்! எனக்கு ஆஸ்லோவுல வேற வேலை வந்துச்சு. அதுக்குப் போறதுக்காக அம்மா விழுந்துட்டாங்கன்னு பொய் சொன்னேன். அம்மாவுக்கு அது தெரியவே தெரியாது. ஹல்வார் வந்து நின்னப்ப என் மானத்தைக் காப்பாத்தறதுக்காக நொண்டிக் காட்டினாங்க."

வெளியே தெருவில் போகிறவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும். போர்கில் பின்னலை மடியில் வைத்துவிட்டாள்.

ஒட்னிதான் ஆரம்பித்தாள். "உன் காயத்துக்கு மருந்து போட்டது நான். ட்ராம் நிறுத்தத்துல அதே காயம், என் கையகலத்துக்கு! அதைப் பார்த்ததும் அந்தச் சனிக்கிழமை எடுத்த படம்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இவங்களும் பார்த்தாங்க. போர்கில்லுக்கு மட்டும் சொல்லல. உங்கம்மாவுக்குக் குணமாகணும்னு அவ மெழுகுவத்தி ஏத்திக்கிட்டிருந்தா."

அலமாரியிலிருந்து புதுப் புத்தகத்தை எடுத்து அவள் முன்னால் விரித்தாள். எல்லாப் படத்திலும் ஒட்னியின் அண்ணன் மகள் தீரில். அழகான பெண்தான், ஆனால் சின்ன உடம்பு.

"பாரு. அவ கை குட்டை. எல்லாத்துலேயும் கையை மடிச்சு விட்டிருக்கோம். முதுகுப் பக்கம் கிளிப்பு போட்டுப் பிடிச்சிருக்கோம். மணிக்கட்டுல நான் போட்ட பூவேலை ஒரு படத்துலகூடத் தெரியல. இவங்கல்லாம் குளிர்காலம் பூரா உன் கைக்குன்னு பின்னினது."

"உங்களுக்குக் கோபம்னு தெரியும்."

"கோபமாத்தான் இருக்கேன். வேற எப்படி இருப்பேன்?"

இங்வில் வாசலை நோக்கித் திரும்பியபோது ஒட்னி பொட்டலத்தை எடுத்து அவள் கையில் திணித்தாள். "இது உனக்குக் கொடுத்ததில்ல, திருப்பித் தர்றதுக்கு. உங்கம்மாவுக்குக் கொடுத்தது. விழாம நொண்டினாங்களே, அதுக்குக் கூலின்னு சொல்லு."

அம்மாவிடம் அதை அப்படியே சொன்னாள். "கூலியா?" என்று அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "இனிமே எதுக்கும் என் பேரை எடுக்காதே, இங்வில். செத்தாக்கூட நிஜமாச் செத்த அப்புறம் சொல்லு."

ஹல்வாரிடம் போவதுதான் பாக்கி. மறுநாளே போனாள். பழைய படகுக் கொட்டகை ஒன்றைத்தான் அவர் வேலைக்கூடமாக வைத்திருந்தார். விளக்குக் கம்பங்களைத் துடைத்துக்கொண்டிருந்தவர், அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"தெரியும்" என்றார்.

"அம்மா காலை மாத்தி நொண்டினப்பவா?"

"அதுக்கு முன்னாடியே. வாசல்ல பூட்ஸைப் பார்த்தப்ப." துணியை உதறி மடித்தார். "ஆளுங்க வராம போறது இந்தத் தொழில்ல புதுசில்ல. அதுக்கெல்லாம் நான் உட்கார்ந்து அழமாட்டேன். ஆனா உங்கம்மா என்னை ஏமாத்த வேண்டியதாப் போச்சு. நான் ஏமாந்த மாதிரி நடிக்க வேண்டியதாப் போச்சு. நல்ல காபி அது. ஒரு வாய் இறங்கல எனக்கு."

"உண்மையைச் சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"கத்தியிருப்பேன். ஒட்னி என்னைவிடக் கத்தியிருப்பா. அப்புறம் உன் அளவுல வேற ஒருத்தியைத் தேடியிருப்போம். வெள்ளிக்கிழமை மத்தியானம்தானே, நேரம் இருந்துச்சு. நீ அம்மா விழுந்துட்டாங்கன்னியா, வேற ஆளைத் தேடவே எனக்கு மனசு வரல. அவங்க வலியில படுத்திருக்காங்க, நாம இங்க உன் இடத்துக்கு ஆள் பிடிக்கிறதான்னு இருந்துச்சு. தங்கற இடத்துக்குப் பணம் கட்டியாச்சு, அம்மாவுக்குத் தேவலைன்னா நீ வந்து சேர்ந்துக்கலாம்னு நாங்க தீவுக்குப் போயிட்டோம். சனிக்கிழமை அப்படி ஒரு வெயில். நானும் ஒட்னியும் பாறைமேல சும்மா உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் உன்கிட்ட கேட்டேன். வலி குறைஞ்சிருக்குன்னே. சரி, ஞாயித்துக்கிழமை முதல் படகுல நீ வந்துடுவேன்னு தீவுத் துறைமுகத்துல போய் நின்னேன்."

அந்தச் சனிக்கிழமைச் செய்தியை இங்வில் வெறும் அன்பு என்று நினைத்திருந்தாள். அதில் நாளைக்கு வர முடியுமா என்ற கேள்வி இருந்ததும், கூடாரத்தில் குளிர்காய்ந்துகொண்டே தான் போட்ட பதிலை நம்பி அந்த மனிதர் துறைமுகத்தில் போய் நின்றதும் அவளுக்கு இதுவரை தெரியாது.

"படகுலேர்ந்து நீ இறங்கலைன்னதும் தீரிலைக் கூப்பிட்டோம். அவ வந்து சேர்றதுக்குள்ள மேகம் வந்துடுச்சு."

"என்னை இனிமே கூப்பிட மாட்டீங்களா?"

"இப்பத் தெரியல" என்றார் ஹல்வார். அவருக்குச் சமாதானத்துக்காகச் சொல்லும் பழக்கம் இல்லை. "போறப்ப கதவைச் சாத்திட்டுப் போ, காத்து அடிக்குது."

இலையுதிர்காலத்தில் ஒட்னி தொப்பிகளுக்காக ஒரு சின்னப் புத்தகம் போடுகிறாள் என்று கேள்விப்பட்டதும், இங்வில் தானாகவே ஹல்வாரைக் கூப்பிட்டாள். "மாடலா இல்ல. பெட்டி தூக்க, தட்டி பிடிக்க ஆள் வேணும்னா வரேன்." அந்தப் பக்கம் ஏதோ பெட்டியை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "மழைக்கோட்டு எடுத்துக்கிட்டு வா" என்றார்.

துறைமுகத்துக் கல்மேடையில் தீரில் தொப்பி போட்டுக்கொண்டு நின்றாள். வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் போடும் வெள்ளித் தட்டியைப் பிடித்துக்கொண்டு இங்வில் காற்றில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஒட்னி பெட்டிமேல் உட்கார்ந்து தொப்பிகளை உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் இங்வில்லோடு காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

தீரிலுக்கு எதுவும் தெரியாது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் அவள் இங்வில்லிடம் கள்ளமில்லாமல் கேட்டாள். "அந்தப் பச்சைக் கோட்டுப் போஸ்டர்ல இருந்தது நீங்கதானே? செமையா இருந்துச்சு! அதெல்லாம் எப்படிக் கிடைச்சுது?"

ஒட்னியின் கை நின்றது. ஹல்வார் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ போட்டுக்கிட்டு நின்னியே, அந்த ஸ்வெட்டரையெல்லாம் நான் போட்டுக்கிட்டு நிக்க வேண்டிய நாள் அது" என்றாள் இங்வில். "வரேன்னு சொல்லிட்டுப் பொய் சொல்லிட்டு அங்கே போனேன்."

"ஓ" என்றாள் தீரில். அந்தப் பெண்ணுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"தட்டியைக் கொஞ்சம் தூக்கு" என்றார் ஹல்வார். இங்வில் தூக்கினாள். மழை பிடித்துக்கொள்ளும்வரை அப்படியே வேலை நடந்தது. மத்தியானம் ஒட்னி எல்லாருக்கும் ரொட்டி எடுத்துக் கொடுத்தாள். இங்வில்லுக்கும் ஒன்று வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

குளிர்காலம் பிறந்த பிறகு ஹல்வாரே கூப்பிட்டார். நாற்காலி செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றுக்கு அரைநாள் வேலை. நாற்காலியில் உட்கார்ந்து புத்தகம் படிக்க வேண்டும். முகம்கூடச் சரியாகத் தெரியாது. இங்வில் சரி என்றாள்.

முந்தின நாள் சாயங்காலம் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'நாளைக்குக் காலையில. வந்துடுவேல்ல?' புதிதாக வருகிற பெண்களுக்கு அவர் அப்படி அனுப்புவதுண்டு. இத்தனை வருஷத்தில் இங்வில்லுக்கு அவர் அனுப்பியதில்லை. 'வந்துடுவேன்' என்று பதில் போட்டாள். காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது இன்னொரு செய்தி வந்தது. 'கிளம்பிட்டியா?'

கண்ணாடியில் வாயோரம் நுரையோடு தன் முகத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, 'கிளம்பிட்டேன்' என்று எழுதப் போனவள் அதை அழித்தாள். 'பல் துலக்கறேன். இன்னும் கிளம்பல. வந்துடுவேன்' என்று எழுதினாள்.

அதன் பிறகு அவர்கள் சேர்ந்து எத்தனையோ வேலை செய்துவிட்டார்கள். அவள் ஒருநாளும் தவறியதில்லை. இருந்தும் ஒவ்வொரு வேலைக்கும் முந்தின நாள் அவரிடமிருந்து அந்தச் செய்தி வந்துவிடும். அவளும் ஒவ்வொரு தடவையும் பதில் போட்டுவிடுவாள்.